டிஸ்க் இருக்கு, பிரேக் இருக்கா?

சைக்கிள் சக்கரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு வட்டத் தகட்டை மாட்டிவிட்டால் அது பிரேக் ஆகிவிடும் என்று யாரோ நம் வீட்டுப் பெற்றோர்களை நம்பவைத்திருக்கிறார்கள். ஹேண்டில்பாரில் 'டபுள் டிஸ்க்' என்று ஒரு அட்டை தொங்கினால் போதும், அதற்குமேல் ஒரு கேள்வியும் கிடையாது. கியர் 21 இருக்கிறதா, டயர் தடியாக இருக்கிறதா, முன்னால் சஸ்பென்ஷன் உண்டா, கலர் பிடித்திருக்கிறதா என்று அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். பிரேக் லீவரை அழுத்திப் பார்த்து, அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, எங்கே பிடிக்கிறது என்று கவனிப்பவர்களை நான் பார்த்ததே அரிது. தேங்காய் வாங்கினால்கூடக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

நான் 34 வருடம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் குப்பை கொட்டியவன். அதில் பாதிக்கு மேல் பிரேக் பகுதி. குழிக்குள் நின்றுகொண்டு தலைக்கு மேலே நிற்கிற பஸ்ஸின் பிரேக்கை அண்ணாந்து பார்த்துப் பார்த்து வந்ததுதான் என் கழுத்துவலி. அதனால் பிரேக் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும். இன்றைக்குக் கோபமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சேலம் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் வரை போய்ப் பாருங்கள். பையன்கள் கூட்டம் கூட்டமாக மலை சைக்கிளில் ஏறுகிறார்கள். பெண் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. மூச்சு வாங்க ஏறட்டும், அதில் ஒரு ஆபத்தும் இல்லை, வேர்வையோடு சரி. ஏறுகிறவனுக்கு பிரேக்கே தேவையில்லை. ஏறின அத்தனை பேரும் அதே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தானே ஆக வேண்டும்?

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன், பதினோராம் வகுப்பு, இறங்கும்போது ஒரு வளைவில் நிற்க முடியாமல் தடுப்புச் சுவரில் மோதிக் காறை எலும்பை உடைத்துக்கொண்டான். சுவர் இருந்ததால் எலும்போடு போயிற்று. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: "வயசுக் கோளாறு, கண்ணு மண்ணு தெரியாத வேகம்." நான் பையனைப் பார்த்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே சாத்தியிருந்த சைக்கிளையும் பார்த்தேன். முன் பிரேக் லீவரை அழுத்தினால் அது ஹேண்டில் ரப்பரில் போய் முட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் பேடில் பொருளே இல்லை. பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டியிருக்கிறது. பஸ்ஸில் லைனிங் தேய்ந்து ரிவெட் தலை ட்ரம்மில் உரசும் கதைதான். அப்படி ஒரு வண்டியை நான் வெளியே அனுப்பியிருந்தால் அன்றைக்கே எனக்கு மெமோ வந்திருக்கும். இங்கே திட்டு வாங்கியது பையன் மட்டும்.

மலையிறக்கம் என்றால் என்ன என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வையுங்கள். 1000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 7,84,000 ஜூல் சக்தி எங்கேயாவது போய்த் தொலைய வேண்டும். நம் வீட்டுத் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு அது. கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் உள்ளங்கை அகலத் தகடு இரண்டிலும், பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய நான்கு பேடுகளிலும்தான் இறங்குகிறது. மலைப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. பாதி வேலையை என்ஜின் இழுத்துப் பிடித்துச் செய்யும், ட்ரம் சூடாகாமல் தப்பிக்கும். சைக்கிளுக்கு என்ஜின் ஏது? ஃப்ரீவீல் கிடுகிடுவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே உங்கள் பேரனுக்கு இருப்பது பிரேக் ஒன்றுதான்.

டிஸ்க்கின் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. லான்செஸ்டர் என்கிற இங்கிலாந்துக்காரர் 1902லேயே காருக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்த பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. மழையிலும் சேற்றிலும் ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கைவிட டிஸ்க் நன்றாகப் பிடிக்கும். ரிம் கோட்டமானாலும் அதற்குக் கவலையில்லை. நீண்ட இறக்கத்தில் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கிற ஆபத்தும் கிடையாது. இதெல்லாம் உண்மை. ஆனால் நன்றாகச் செய்த டிஸ்க்குக்குத்தான் இது பொருந்தும். எட்டாயிரம் பத்தாயிரம் ரூபாய் சைக்கிளில் கியர், சஸ்பென்ஷன், ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் காசு போக மீதியில் செய்து மாட்டுகிற டிஸ்க், டிஸ்க் மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அதே காசுக்கு நல்ல ரிம் பிரேக்கும் நல்ல பிரேக் கட்டையும் போட்டிருந்தால், காய்ந்த ரோட்டில் இதைவிட நன்றாகவே நின்றிருக்கும். ரிம் என்பதே ஒரு பெரிய டிஸ்க்தானே? 160 மில்லிமீட்டர் தகட்டின் ஓரத்தைப் பிடிப்பதைவிடச் சக்கரத்தின் விளிம்பையே பிடித்தால் நெம்புகோல் பலம் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அட்டையில் 'ரிம் பிரேக்' என்று எழுதித் தொங்கவிட்டால் யார் வாங்குவார்கள்? இன்னொரு கொடுமை, டிஸ்க்குக்கென்று செய்த ஃப்ரேமில் ரிம் பிரேக் மாட்டும் முளைகளே பெரும்பாலும் இருக்காது. வாங்கின பிறகு திரும்பிப் போக வழி இல்லை. இருக்கிற டிஸ்க்கைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

இனி நான் சண்டை போடுவது கடைக்காரர்களோடு. எல்லாரோடும் இல்லை. என் மகள் வீட்டுப் பேரனின் சைக்கிளில் பிரேக் மந்தமாகிவிட்டது என்று ஒரு கடைக்குக் கொண்டு போனோம். (எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) பையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"முழு செட்டையும் மாத்தினாத்தான் சார் சரிவரும். ஆன்லைன்ல ஹைட்ராலிக் செட் வருது. முன்னாடி பின்னாடி ரெண்டும் சேர்த்து ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். நானே போட்டுத் தந்துடறேன்."

"எந்தக் கம்பெனி தம்பி?"

"கம்பெனி எல்லாம் இல்லீங்க சார். ஆனா நல்லா புடிக்கும்."

"இதுக்குப் பேடு தேஞ்சா எங்க கிடைக்கும்?"

"தேஞ்சா புது செட்டே போட்டுக்கலாம் சார்."

"உள்ள இருக்கறது என்ன எண்ணெய்?"

"பிரேக் ஆயில்தான் சார், பைக்குக்கு ஊத்தறது. குறைஞ்சா எந்த ஆட்டோமொபைல் கடையிலயும் வாங்கிக்கலாம்."

இந்த மூன்று பதில்களிலும் மூன்று ஆபத்து இருக்கிறது. கடைசி பதில்தான் ரொம்ப மோசம். சைக்கிள் ஹைட்ராலிக் பிரேக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா போன்றவர்கள் மினரல் ஆயில் ஊற்றுகிறார்கள். ஹேய்ஸ், ஹோப் போன்றவர்களின் பிரேக்கில் மோட்டார் பைக்குக்கு ஊற்றுகிற டாட் வகை எண்ணெய். இரண்டும் எதிரும் புதிரும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊறிக் கெட்டுப்போகும். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் பிடிக்கும். பிறகு ஒருநாள் லீவர் மேலே திரும்பி வராது, அல்லது சும்மா உள்ளே போய்விடும். எந்த எண்ணெய் என்று எழுதியே இராத பிரேக்கில் எதை ஊற்றுவீர்கள்? பெயர் இல்லாத எண்ணெயை நாங்கள் ஸ்டோருக்குள்ளேயே விடமாட்டோம்.

பேரன் முகம் வாடிவிட்டது. ஹைட்ராலிக் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவனுக்கு ஆசை. வீட்டுக்கு வந்து, வாசலில் பாய் விரித்து, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அவனையே கழற்றச் சொன்னேன். இந்த விலைச் சைக்கிளில் இருப்பது ஒயர் இழுக்கிற கேலிப்பர். அதிலும் ஒரு பக்கப் பேடுதான் நகரும். அது போய்த் தகட்டை அழுத்தி, வளைத்து, எதிர்ப்பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும் பேடின்மேல் சாய்க்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. நகராத பேடு தகட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், ஆனால் உரசக் கூடாது. ஆரக் கம்பிகளுக்கு நடுவே அலென் கீயை விட்டுத்தான் அதைத் திருப்ப வேண்டும். இதைச் செய்யச் சோம்பல்பட்டு, பலர் ஒயரை மட்டும் இழுத்து இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கேலிப்பரின் கை முதலிலேயே பாதி தூரம் திரும்பி நிற்கும். அழுத்தும்போது அதன் வீச்சு சீக்கிரமே தீர்ந்துபோகும். பேடு இருக்கும், ஒயர் இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது.

அடுத்தது ஒயர். உள்ளே ஓடுகிற இன்னரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், துரு ஏறினால் மாற்றுவார்கள். வெளியே இருக்கும் அவுட்டரைப் பற்றித்தான் ஒருவரும் கவலைப்படுவதில்லை. பிரேக் அவுட்டர் வேறு, கியர் அவுட்டர் வேறு. பிரேக் அவுட்டருக்குள் தட்டைக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் கட்டாக ஓடும், மேலே ஒரு பிளாஸ்டிக் தோல்தான் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும். கியர் மாற்றும் இழுப்புக்கு அது போதும். பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தினால் அந்தத் தோல் கிழிந்து கம்பிகள் பிதுங்கிவிடும், பிரேக் அந்த நொடியே போய்விடும். எங்கள் தெருப் பையனின் சைக்கிளில் பின் பிரேக்குக்கு மாட்டியிருந்தது கியர் அவுட்டர்தான். மாட்டிவிட்டவர் யாரோ, அது கையில் இருந்தது, நீளமும் சரியாக இருந்தது, மாட்டிவிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதக்கூடிய பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

பேரனின் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் புதுப் பேடு, புது இன்னர், சரியான பிரேக் அவுட்டர். தகட்டில் லேசான கோட்டம் இருந்தது, கழுவின ஸ்பேனரால் மெதுவாக நிமிர்த்தினோம். அந்தக் கம்பெனி இல்லாத செட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. இப்போது இரண்டு விரலால் அழுத்தினால் சக்கரம் நிற்கிறது. முழு செட்டையும் மாற்று என்கிறவரிடம் முதலில் பேடைக் கழற்றிக் காட்டு என்று சொல்லுங்கள். பேடின் பொருள் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஒரு மில்லிமீட்டர் வரும்போதே மாற்றிவிடுவது என் பழக்கம். தகட்டை வெர்னியரில் பிடித்துப் பாருங்கள். ஷிமானோ தகடு புதிதில் 1.8 மில்லிமீட்டர் இருக்கும், 1.5க்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். தகட்டிலேயே அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள், மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும்.

பேடிலும் இரண்டு வகை. ரெசின் பேடு சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும், ரொம்பச் சூடானால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். உலோகப் பேடு சூட்டைத் தாங்கும், நாள்பட வரும், கொஞ்சம் கத்தும். அப்படியானால் மலைக்குப் போகிறவனுக்கு உலோகம்தானே என்று அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். விலை குறைந்த தகடுகள் பலவற்றில் ரெசின் பேடு மட்டும்தான் போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியே இருக்கும். அதில் உலோகத்தைப் போட்டால் தகட்டை அரைத்துத் தின்றுவிடும்.

எல்லாம் மாற்றியும் பிடிக்கவில்லை, கேலிப்பரே ஆடுகிறது, கை வளைகிறது என்றால் அப்போது கேலிப்பரை மாற்றத்தான் வேண்டும். நான் அதற்கு எதிரி இல்லை. அப்போதும் முதல் கேள்வி விலை இல்லை. இதற்குப் பேடு என் ஊரில் கிடைக்குமா? கிடைக்காத பிரேக் இலவசமாக வந்தாலும் விலை அதிகம்தான். ஷிமானோவின் பழைய எம்375 என்கிற ஒயர் கேலிப்பரும் எம்டி200 என்கிற சாதாரண ஹைட்ராலிக்கும் ஒரே வடிவப் பேடைத்தான் எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பெரிய சைக்கிள் கடை எதிலும் அந்தப் பேடு தொங்கும், வேறு கம்பெனிகளும் அதே வடிவத்தில் செய்கிறார்கள். டெக்ட்ரோவும் அப்படித்தான், தேடி அலைய வேண்டியதில்லை. நான் இவர்கள் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. எது சீக்கிரம் தேயுமோ அது எளிதில் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஒயர் கேலிப்பர் மாற்றினால் இருக்கிற லீவரையே வைத்துக்கொள்ளலாம், அது ஒரு மிச்சம். ஆனால் ரோடு சைக்கிளுக்கென்று செய்த கேலிப்பரை வாங்கிவிடக் கூடாது. அதன் லீவர் குறைவாகத்தான் ஒயரை இழுக்கும், மலை சைக்கிள் லீவர் அதிகம் இழுக்கும், இரண்டும் சேராது. கேலிப்பர் மாட்டும் போல்ட்டுகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். 74 மில்லிமீட்டர் ஒரு வகை, 51 மில்லிமீட்டர் இன்னொரு வகை, நடுவே அடாப்டர் போட வேண்டியிருக்கும். தகட்டை 160இலிருந்து 180க்கு மாற்றினால் எட்டில் ஒரு பங்கு பிடிப்பு கூடும். அதை ஃபோர்க் தாங்குமா என்று கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். 203 எல்லாம் இந்தச் சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம். குட்டிச் சுவரில் யானையைக் கட்டுகிற வேலை.

கையில் கொஞ்சம் காசு இருந்து, பெயருள்ள ஹைட்ராலிக் வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். இரண்டு பக்கப் பேடும் நகரும், தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும், சின்னக் கைகளுக்குச் சுலபம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: எந்தக் கை லீவர் முன் சக்கரத்துக்கு? நம் நாட்டில் வலது கை முன் பிரேக் என்பது பழக்கம். வெளிநாட்டுக்கென்று கட்டிய செட்டில் இடது கையில் முன் பிரேக் வரும். பழகாத பையன் அவசரத்தில் தப்பான பிரேக்கை அழுத்துவான்.

இரண்டு பக்கமும் மாற்றக் காசில்லை என்றால்? முன் பக்கம். யோசிக்கவே வேண்டாம். இதில்தான் என் வயதுக்காரர்கள் பலரோடு எனக்குத் தகராறு. "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையைப் பின் பிரேக்கில் ஓட்டப் பழக்கிவிட்டோம். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, எவ்வளவு நல்ல பிரேக் போட்டாலும் அது வழுக்கத்தான் செய்யும். 40 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சமதளத்தில், இரண்டு பிரேக்கையும் பழகினவன் பிடித்தால் சுமார் 12 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட 25 மீட்டர் ஆகும். இடையில் இருக்கும் 13 மீட்டரில் ஒரு பஸ்ஸே நிற்கும். அந்தப் பழைய பயத்துக்கு மருந்து பழக்கம்தான். உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, படிப்படியாக அழுத்தக் கற்றுக்கொடுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிடிக்காதே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். முழு இறக்கமும் லேசாகப் பிடித்தபடியே வராமல், நன்றாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். தகடு ஆற அவகாசம் கிடைக்கும்.

"நம்ம காலத்துல கம்பி பிரேக்லயே ஓட்டலையா? ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னிடமும் ஹெர்குலிஸ் இருந்தது. அம்பத்தூரில் செய்தது, கறுப்பு, செயின் கவரோடு. அந்தக் கம்பி பிரேக் கட்டையை மேலே இழுத்து ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். மழை பெய்தால் அந்தப் பளபளப்பு முலாம் பூசிய இரும்பு ரிம்மில் அது பிடித்ததா, தடவிக் கொடுத்ததா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினதை எல்லாரும் சௌகரியமாக மறந்துவிட்டோம். அந்தச் சைக்கிளில் அஸ்தம்பட்டியிலிருந்து கடைவீதிக்குப் போனோம், ஏற்காட்டிலிருந்து யாரும் இறங்கவில்லை.

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏனுங்க, ஒன்பதாயிரம் ரூபாய்ச் சைக்கிளுக்குப் பிரேக்குக்கு மட்டும் மூவாயிரம் செலவு பண்ணச் சொல்றீங்களா? அதுக்குப் புதுச் சைக்கிளே வாங்கிடலாமே." நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் பிரேக்கின் விலையைச் சைக்கிளின் விலையோடு ஏன் ஒப்பிட வேண்டும்? மலையிறக்கத்துக்குச் சைக்கிளின் விலை தெரியாது. ஒன்பதாயிரம் ரூபாய்ச் சைக்கிளில் இறங்குகிறவனும் ஒரு லட்சம் ரூபாய்ச் சைக்கிளில் இறங்குகிறவனும் அதே உயரத்திலிருந்துதான் இறங்குகிறார்கள். அந்த இரண்டரை லிட்டர் தண்ணீர்க் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். பெரும்பாலும் மூவாயிரமும் தேவைப்படாது, பேடும் ஒயரும் சில நூறு ரூபாய்தான் என்று மேலே சொல்லிவிட்டேன். அவ்வளவும் செய்த பிறகு முன் பக்கம் மட்டும் ஒரு நல்ல கேலிப்பர் போட்டால் போதும். செலவுக்குப் பயந்தால் மலைக்குப் போகாதே என்று பையனிடம் சொல்லலாம். அது நேர்மையான சிக்கனம். பிரேக் இல்லாத சைக்கிளைக் கொடுத்துவிட்டு "மெதுவாப் போ கண்ணு" என்று சொல்லி அனுப்புவது சிக்கனமில்லை.

தலைமையாசிரியர் இரண்டு சுற்று பேசாமல் நடந்தார். மறுநாள் பேத்தியின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன் பேடு காகிதம் மாதிரி இருந்தது. பிரேக் கிறீச்சிடுகிறது என்று யாரோ டிஸ்க்கில் எண்ணெய் வேறு விட்டிருந்தார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். செயினுக்கு எண்ணெய், டிஸ்க்குக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் கூடாது, விரல் பிசுக்குகூட ஆகாது. எண்ணெய் குடித்த பேடைச் சுத்தம் செய்து பிழைக்கவைக்கலாம் என்று நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். தகட்டை மட்டும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

புதுப் பேடு போட்ட அன்றைக்கே மலைக்கு அனுப்பாதீர்கள். அது தகட்டோடு பழக வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் ஓரளவு வேகம் எடுத்து, நிற்கும் அளவுக்கு மெதுவாகும்வரை அழுத்தி, பின் விட்டு, இருபது முறை செய்யச் சொல்லுங்கள். முதல் நாலைந்து தடவை பிடிப்பே இல்லாததுபோல் இருக்கும், பத்துக்கு மேல் வித்தியாசம் தெரியும்.

பழைய பேடைக் குப்பையில் போட வேண்டாம். பேடில் ஏகப்பட்ட வடிவங்கள் இருக்கின்றன, வாயால் சொன்னால் கடையில் விளங்காது. பழசை ஒரு கவரில் போட்டு, மேலே கேலிப்பரின் பெயரையும் மாற்றின தேதியையும் எழுதி, சைக்கிள் ரசீதோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தக் கவரை எடுத்துக்கொண்டு போனால் போதும்.